நம் முற்றத்து நித்தியகல்யாணி

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் வழக்கம். இன்று ஒரு பூச்செடியைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தமிழர்க்கும் மலருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்துக்கே மலரின் பெயரை இட்டு வழங்கியவர்கள் நம் முன்னோர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். நாம் பேசப்போகும் மலர் அந்த 99-இல் இல்லை. கபிலர் காலத்தில் அது நம் நாட்டுக்கே வந்து சேரவில்லை. அதன் பெயர் நித்தியகல்யாணி.

‘வேலியோரத்தில் தானே முளைத்துக் கிடக்கும் செடியாயிற்றே, இதற்கு ஒரு சொற்பொழிவா?’ என்று நீங்கள் எண்ணக்கூடும். குடியிருப்பின் தோட்ட வேலையில் ஈடுபட்ட நாங்கள் சிலரும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினோம். அந்த எண்ணத்தின் விலையாக ஒரே மழைக்காலத்தில் 26 செடிகளைப் பறிகொடுத்தோம். அந்தத் தோல்வியில் கற்ற பாடத்தைச் சொல்லவே இங்கு வந்திருக்கிறோம்.

முதலில் நாம் வாழும் இந்நகரின் நீர் நிலையை நினைவு கூர்வோம். மேற்கே நிற்கும் சகியாத்திரி மலைத்தொடர் பருவக்காற்றின் மழையில் பெரும் பங்கைத் தானே வாங்கிக் கொள்கிறது. புனே நகருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்ள நான்கு திங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய எட்டுத் திங்களும் கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் ஆகிய அணைகளை நம்பியே வாழ்கிறோம். 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்தது. அந்த வெள்ளம் தாங்காமல் கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. முட்டா ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. அதன் பின் 11 ஆண்டுகள் கழித்து, 1972-இல், மகாராட்டிரம் கொடிய வறட்சியைக் கண்டது. நீர் மிகுந்தாலும் துன்பம், குறைந்தாலும் துன்பம் என்பதை இந்நகரின் முதியோர் தம் வாழ்நாளிலேயே கண்டிருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் நம் குடியிருப்பில் குழாய் நீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரலாயிற்று. லாரி நீர் வாங்கிச் சமாளித்தோம். அப்போது முன் முற்றத்தில் புல்தரையும் ரோஜாப் பாத்திகளும் இருந்தன. ‘பணம் கொடுத்து வாங்கிய நீரைப் புல்லுக்கு ஊற்றுவதா?’ என்று ஒரு சாரார் கேட்டனர். ‘விளக்கேற்றும் வீட்டின் முன் நாலு பூவாவது வேண்டாமா?’ என்று மற்றொரு சாரார் கேட்டனர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆகவே சச்சரவு வளர்ந்ததேயன்றி முடிவு பிறக்கவில்லை. ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குவோர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போகும் அளவுக்கும் வந்துவிட்டது.

அந்நாளில் கீழ்த்தளத்தில் வாழும் மராட்டிய மூதாட்டி ஒருவர், நாம் அனைவரும் ‘ஆஜி’ என்று அழைக்கும் பாட்டி, சுற்றுச் சுவரின் வெடிப்பைக் கைகாட்டினார். அங்கே ஒரு செடி நின்றது. அதற்கு யாரும் ஒரு குவளை நீரும் ஊற்றியதில்லை. மே மாத வெயிலில் ரோஜாக்கள் கருகி நிற்க, அது மட்டும் இளஞ்சிவப்பு மலர்களைச் சுமந்து நின்றது. “சதாஃபுலி” என்றார் ஆஜி. எப்பொழுதும் பூத்திருப்பது என்று பொருள். நமக்கு அது நித்தியகல்யாணி என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. சச்சரவு அங்கேயே தணிந்தது.

ஒரே செடிக்கு எத்தனை பெயர்கள்! இந்தியில் சதாபகார், வங்காளியில் நயன்தாரா, தெலுங்கில் பில்ல கன்னேரு. தமிழிலேயே இதற்குச் சுடுகாட்டு மல்லி என்றொரு பெயரும் உண்டு. கல்யாணி என்று மங்கலமாக அழைக்கப்படும் செடிக்கு இடுகாட்டின் பெயர் ஏன் வந்தது? நீர் ஊற்றவும் களை எடுக்கவும் ஆளில்லாத இடத்திலும் அது பிழைத்துப் பூக்கும் என்பதே காரணம். கவனிப்பாரின்றி வாழும் அதன் ஆற்றலைத்தான் இரு பெயர்களும் குறிக்கின்றன. ஆதலால் வீட்டு முற்றத்தில் வைக்கலாகாது என்று அஞ்ச வேண்டியதில்லை.

இதன் தாயகம் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள மடகாஸ்கர் தீவு. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் அரசத் தோட்டத்திலிருந்து விதை பெற்று, இலண்டனில் உள்ள செல்சீ மருந்துத் தோட்டத்தில் பிலிப் மில்லர் இதனை வளர்த்தார். 1759-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். வெப்ப நாடுகள் பலவற்றிலும் பரவிய இச்செடியை இன்று நம் நாட்டுச் செடி என்றே எல்லோரும் எண்ணுகிறோம். அரளியும் நந்தியாவட்டையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இலையைக் கிள்ளினால் பால் வடிவதும், ஆடு மாடுகள் வாய் வைக்காமல் விலகுவதும் அந்த உறவுக்குச் சான்று.

நிற்க. எங்கள் தோல்விக்கு வருவோம்.

புல்தரையைக் கைவிட்டு, நித்தியகல்யாணி நாற்றுகள் 30 வாங்கி வந்தோம். ரோஜா இருந்த பாத்திகளிலேயே நட்டோம். அது கரிசல் மண். அதில் தொழுவுரத்தைத் தாராளமாகக் கொட்டினோம். நாற்றுகள் வாடிவிடுமே என்று காலையும் மாலையும் நீர் ஊற்றினோம். “பாணீ நகோ” என்றார் ஆஜி. தண்ணீர் வேண்டாம் என்றார். பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று நாங்கள் செவி சாய்க்கவில்லை. செடிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. இலைதான் மிகுந்தது, பூ குறைந்தது. ஆடி மாதத்தில் மழை விடாமல் பிடித்தது. தண்டின் அடி கறுத்தது, தலை சாய்ந்தது, மூன்று வாரத்துக்குள் 26 செடிகள் மடிந்தன. எஞ்சியவை நான்கு. அவை எங்கே நின்றன தெரியுமா? பாத்தியின் ஓரத்தில், கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் சல்லியைக் கொட்டி வைத்திருந்த மேட்டில்.

அந்த நான்கு செடிகளே எங்களுக்கு ஆசிரியராயின. நித்தியகல்யாணி தாகத்தால் சாவது அரிது. நாம் அன்பு மிகுதியால் ஊற்றும் நீரால் சாவதே மிகுதி. கரிசல் மண் நீரை எளிதில் விடாது. காற்றில்லாத ஈரத்தில் வேரழுகல் நோயை உண்டாக்கும் பூசணம் பெருகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இச்செடிக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

அடுத்த ஆண்டு முதல் நாங்கள் கைக்கொண்ட முறையைச் சுருக்கமாகச் சொல்லுவோம்.

விதைப்பதற்கு ஏற்ற காலம் மாசித் திங்கள். குளிர் நீங்கியிருக்கும், மழை வருமுன் செடியின் அடித்தண்டு மரத்தன்மை பெற்று உறுதியாகிவிடும். இவ்விதை இருளை விரும்புவது. ஆதலால் மேலே தூவி விட்டுவிடாமல் அரை சென்டிமீட்டர் அளவுக்கு மண்ணால் மூட வேண்டும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். முளைக்கும் வரையில்தான் மண் ஈரமாக இருக்க வேண்டும். மூன்று நான்கு இணை இலைகள் வந்ததும் பிடுங்கி, ஓர் அடி இடைவெளியில் நடலாம். விதை கிடைக்காதவர்கள் நுனித் தண்டை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளை நீக்கி மணலில் ஊன்றினாலும் வேர்விடும்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். தரையில் நடுவோர் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, கரிசல் மண்ணுடன் இங்கே முரூம் என்று சொல்லும் முரம்பு மண்ணையோ மணலையோ சரிபாதி கலக்க வேண்டும். தொட்டியில் வளர்ப்போர் அடித்துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லுகளை வைக்க வேண்டும். தொட்டியின் கீழே தட்டு வைத்து நீர் தேங்க விடலாகாது. இவ்வட்டாரத்துக் கரிசல் மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதனால் சில வேளை இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தோன்றும். அது நீர்ப் பஞ்சமன்று. மண்ணிலுள்ள இரும்புச் சத்தை வேர் எடுக்க இயலாத நிலை. நன்கு மக்கிய இலையுரம் சேர்த்தால் நாளடைவில் சீர்ப்படும். மற்றபடி உரம் மிகுதியாக இட வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை இரண்டு கைப்பிடி போதும்.

வெயில் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமாவது பட வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு நீளும், பூ குறையும்.

இனி நீர். வேர் பிடித்த பின் தரையிலுள்ள செடிக்குக் கோடையில் வாரம் ஒரு முறை போதுமானது. தொட்டிச் செடிக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை அரை லிட்டர். கணக்கைப் பொருத்துக்கொள்ள எளிய வழி உண்டு: மண்ணில் விரலை நுழைத்துப் பாருங்கள், இரண்டு கணு ஆழம் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் இலை சற்றுச் சுருண்டு நின்றால் பதற வேண்டாம். மாலையில் தானே நிமிரும். மாலையிலும் நிமிராவிட்டால்தான் தாகம். அடியில் ஊற்றுங்கள், இலை மீது தெளிக்காதீர்கள். 10 தொட்டிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றும் வீட்டுக்கு மாதம் 300 லிட்டர் செலவாகும். நாங்கள் சொல்லும் முறையில் 50 லிட்டர். அதையும் குழாயிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அரிசி களைந்த கழுநீரே போதும். சோப்பு கலந்த நீர் மட்டும் ஆகாது.

புனேயில் இச்செடிக்குச் சோதனைக் காலம் கோடையன்று, மழைக்காலமே. ஜூன் பிறந்ததும் தொட்டிகளைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு மாற்றுங்கள். செடிக்கும் செடிக்கும் இடையே காற்று நுழைய இடம் விடுங்கள். ஒரு செடியின் தண்டு கறுத்தால் உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், அண்டையிலுள்ளதாவது பிழைக்கும். மார்கழி, தைக் குளிரில் இலை சற்று வெளுத்து வளர்ச்சி நிற்கும். அப்போதும் நீரைக் குறைக்க வேண்டுமேயன்றி, நோய் என்று எண்ணிக் கூட்டலாகாது.

நட்ட இளஞ்செடியின் கொழுந்தை ஒரு முறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி அடர்ந்து வரும். பின் ஆண்டுக்கொரு முறை, குளிர் நீங்கியதும், மூன்றில் ஒரு பங்கைக் கத்தரியுங்கள். இது பல்லாண்டு வாழும் செடிதான். எனினும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அடி மரத்துப்போய் உச்சியில் மட்டும் பூக்கத் தொடங்கும். ஆகையால் ஆண்டுதோறும் சில இளநாற்றுகளை உருவாக்கி வைப்பது அறிவுடைமை. மாவுப்பூச்சி கண்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மலர் இதழ்களே பச்சை இலைகளாக மாறி, செடி குட்டை இலைகளால் நிறைந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் நோய். அதற்கு மருந்து தேட வேண்டாம். வேரோடு எடுத்துவிடுவதே வழி. பருத்த பச்சைப் புழு ஒன்று இலையைத் தின்னக் காணலாம். அது பின்னர் அழகிய பச்சை அந்துப்பூச்சியாகும். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் பார்த்து மகிழட்டும்.

சனவரித் திங்களில் எம்பிரஸ் தோட்டத்தில் நடைபெறும் மலர்க்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 1830-இல் தோன்றிய மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பில் உள்ளது அத்தோட்டம். நாற்றுக் கடைகளில் நித்தியகல்யாணியின் புதிய ஒட்டு வகைகளைப் பல நிறங்களில் இப்போது காணலாம். அழகுடையவைதாம், ஆயின் அவற்றின் விதையை எடுத்து விதைத்தால் அதே நிறம் வரும் என்று சொல்ல இயலாது. சுவர் வெடிப்பில் நிற்கும் பழைய இளஞ்சிவப்பும் வெள்ளையுமே நமக்கு ஏற்றவை.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. தாய்மார்களும் முதியோரும் சிறப்பாகச் செவி சாய்க்க வேண்டுகிறோம்.

நீரிழிவுக்கு நல்லது என்று சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் இதன் பூவையோ இலையையோ மெல்லும் வழக்கம் நம் குடியிருப்பிலும் உண்டு. இந்த நம்பிக்கை உலகின் பல பகுதிகளில் இருந்ததே. 1952-இல் ஜமைக்காத் தீவிலிருந்து ஒரு மருத்துவர், அங்குள்ளோர் நீரிழிவுக்குப் பருகுவதாகச் சொல்லி, இவ்விலைகளில் 25-ஐ உறையிலிட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். அவை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த இராபர்ட் நோபிளின் கைக்கு வந்தன. இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தியபோதோ வெள்ளணுக்கள் சரிந்து, எலிகள் தொற்று நோயால் மடிந்தன. எலும்பின் ஊன் ஒடுங்கிப் போயிருந்தது. வேறொருவராயின் அச்சாற்றைக் கொட்டியிருப்பார். நோபிளும் அவருடன் பணியாற்றிய சார்லஸ் பியரும் வேறுவகையாகச் சிந்தித்தார்கள்: வெள்ளணுவை அழிக்கும் பொருள், வெள்ளணு கட்டுக்கடங்காது பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகாதா? 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார்கள். அதன் உடன்பிறப்பாகிய வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு அது இன்றும் இன்றியமையாத மருந்துகளுள் ஒன்று. ஒரு கிராம் மருந்து எடுக்கப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். நம் தென் மாவட்டங்களின் வானம் பார்த்த நிலங்களில் உழவர்கள் இச்செடியை மருந்துப் பயிராகச் சாகுபடி செய்திருக்கிறார்கள்.

இவ்வரலாறு பெருமைக்குரியது, எச்சரிக்கையும் ஆகும். உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்து, எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுப்பது அது. வீட்டில் கொதிக்க வைக்கும் கஷாயத்துக்கு அளவு ஏது? சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர் அதனுடன் இதையும் சேர்த்தால் என்ன விளையும் என்பதை யார் அறிவார்? ஆகவே பூவைக் கண்ணால் நுகருங்கள், பூசைக்குக் கொய்யுங்கள், வாயில் இடாதீர்கள். சிறு குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கருவுற்ற பெண்கள் அறவே தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே உண்டு வருபவர்கள் வெட்கப்படாமல் தம் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டுகிறோம்.

இப்போது நம் முன் முற்றத்தில் புல்தரை இல்லை. உயர்த்திய பாத்திகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நித்தியகல்யாணி நிற்கிறது. சென்ற கோடையில் தோட்டத்துக்கென்று ஒரு குடம் லாரி நீரும் நாம் வாங்கவில்லை. இதனைக் கூந்தலில் சூட முடியவில்லை, மணமில்லை என்னும் குறை நம் பெண்களுக்கு உண்டு. அது நியாயமான குறைதான். அதற்கு மல்லிகைத் தொட்டி ஒன்றிரண்டை வீட்டுக்குள்ளே தனியே பேணிக்கொள்வோம்.

சுவர் வெடிப்பில் இருந்த பழைய செடி சென்ற ஆண்டு பட்டுவிட்டது. அதன் விதையை எறும்புகள் இழுத்துச் சென்றனவோ, காய் வெடித்துச் சிதறியதோ, அதே வெடிப்பில் இரு கன்றுகள் முளைத்திருக்கின்றன. அவற்றுக்கு நாங்கள் நீர் ஊற்றுவதில்லை. ஆஜியும் ஊற்ற விடுவதில்லை.

வாயிலருகே மேசையில் சிறு பொட்டலங்களில் விதை வைத்திருக்கிறோம். குடும்பத்துக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். மாசியில் விதையுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும்போது உங்கள் செடியின் விதையில் ஒரு பொட்டலம் கொண்டு வந்து இதே மேசையில் வையுங்கள். புதிதாக இவ்வூருக்கு வரும் குடும்பங்களுக்கு அது பயன்படும்.